தொண்ணூற்றொரு மீட்டர்

6 பிப்ரவரி 2024, செவ்வாய்

காலையில் போலாரம் பக்கம் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன். புதிதாக வாங்கிய லேசர் தூரமானியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ‘100’ என்று செதுக்கிய கல்லை நோக்கி அழுத்தினால் 91 மீட்டர் காட்டியது. மறுபடியும் 91. ‘கருவியில் கோளாறு’ என்று எழுதிவிட்டு வந்தேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காரணம் இங்கே எழுதப் பிடிக்கவில்லை.

7 பிப்ரவரி, புதன்

தனியாகப் போய் டேப் வைத்து அளந்தேன். தொண்ணூற்றொன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. கருவியில் ஒரு கோளாறும் இல்லை. ரேஞ்ச் ஹவில்தார் சிரித்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கல் சாப், எல்லாம் கெஜக் கணக்கு, உங்களுக்குத் தெரியாதா என்று ஹிந்தியில் கேட்டார். தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

8 பிப்ரவரி, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

2022 நவம்பரில் இரண்டு ரைஃபிள் ஸ்கோப்புகளை ஒப்பிட்டு அறிக்கை தரும் வேலை என்னிடம் வந்தது. ஒன்று எங்கள் நிறுவனத்திலேயே ஜலஜா வடிவமைத்தது. மூன்று வருட உழைப்பு. இன்னொன்று வெளிநாட்டுச் சரக்கு. ராணுவத்தின் நிபந்தனைகளில் முக்கியமானது பார்வைப் புலம். அதாவது, ஸ்கோப்பில் கண்ணை வைத்தால் நூறு மீட்டர் தூரத்தில் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. மூன்று மடங்கு பெருக்கத்தில் குறைந்தது பதினொன்றரை மீட்டர் தெரிய வேண்டும். அகலம் குறைந்தால், பக்கத்திலிருந்து வருபவனைச் சிப்பாய் பார்க்க மாட்டான்.

ஜலஜாவின் ஸ்கோப்பை ரேஞ்சில் வைத்து அளந்தேன். ‘100’ கல்லருகே குறுக்காகக் கட்டிய அளவுக் கயிற்றில் 10.97 மீட்டர் தெரிந்தது. வெளிநாட்டு ஸ்கோப்பின் மாதிரி அப்போது வந்து சேரவில்லை. அவர்கள் அச்சிட்டிருந்த 11.6-ஐ அப்படியே எடுத்துக்கொண்டேன். நம்முடையது தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கயிறு இருந்தது 91 மீட்டரில். கிட்டே இருப்பதில் குறைந்த அகலம்தான் தெரியும். நூறு மீட்டருக்குக் கணக்குப் போட்டால் அது 12. நிபந்தனைக்கும் மேலே, அந்த வெளிநாட்டுச் சரக்குக்கும் மேலே. இரண்டு ஸ்கோப்புகளை இரண்டு வேறு தூரங்களில் வைத்து ஒப்பிட்டிருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

தப்பு மட்டும் என்றால் பரவாயில்லை. அன்று அந்த அறிக்கையை வைத்த கூட்டத்தில் ஜலஜா எழுந்து, ஆய்வகத்தில் பன்னிரண்டு வந்ததே, அந்தக் கல் கெஜமாக இருக்குமோ, ஒருமுறை டேப் போட்டுப் பார்க்கலாமா என்று மெதுவாகத்தான் கேட்டாள். நான் சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “பத்தொன்பது வருஷமா அந்த ரேஞ்சுல நிக்கிறேன். எனக்குத் தூரம் எவ்வளவுன்னு நீ சொல்லித் தராதேம்மா.” நாலைந்து பேர் சிரித்தார்கள். திட்டத்தை மூடினார்கள். அவளைப் பயனர் கையேடு எழுதும் மேசைக்கு மாற்றினார்கள்.

9 பிப்ரவரி, வெள்ளி

வீட்டில் மனைவி வசுமதியிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல. கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, “அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெளிய போச்சுன்னு அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டுத்தானே சொன்னீங்க?” என்றாள்.

சிரித்தேனா? சிரித்திருப்பேன்.

12 பிப்ரவரி, திங்கள்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘அளவீட்டுச் சூழலில் ஏற்பட்ட வேறுபாடு காரணமாக...’ யாரால் ஏற்பட்டது? மழையா பெய்தது அன்று? கிழித்துப் போட்டேன்.

15 பிப்ரவரி, வியாழன்

சொல்லிவிடுவது என்றுதான் கேன்டீனில் ஜலஜாவின் எதிரே போய் உட்கார்ந்தேன். ஏ.எஸ்.ராவ் நகரில் மேம்பாலப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கோழை.

16 பிப்ரவரி, வெள்ளி

சொல்லிவிட்டேன். அவள் மேசை முன்னால் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

“ஆமா சார், தெரியும்,” என்றாள். “கூட்டம் முடிஞ்ச வாரமே போய் அளந்துட்டேன். ஹவில்தார்தான் டேப்போட அந்த முனையைப் பிடிச்சாரு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“உங்களுக்கு மெயில் போட்டேனே. பதிலும் போட்டீங்களே.”

என் இடத்துக்கு வந்து தேடினேன். இருக்கிறது. 2 டிசம்பர் 2022. அளவு, கணக்கு, கல்லின் படம் எல்லாம் வைத்து அனுப்பியிருக்கிறாள். கீழே என் பதில், ஒற்றை வார்த்தை: ‘நோட்டட்.’

படித்துவிட்டா அப்படி எழுதினேன்? நிஜமாகவே நினைவில்லை. படித்திருந்தால் நான் அயோக்கியன். படிக்காமல் எழுதியிருந்தால்? அதற்கு மட்டும் நல்ல பெயரா இருக்கிறது?

திரும்பப் போய் மன்னிப்புக் கேட்டேன்.  அதே கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்றாள். “அந்த மெயிலையும் படிங்க சார். உங்க பதிலையும் சேர்த்து.”

23 பிப்ரவரி, வெள்ளி

படித்தேன். கெஜம், மீட்டர் எல்லாம் தடையில்லாமல் வந்தது. ‘நோட்டட்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் படித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பொது மேலாளர் சந்திரசேகரன் என்னைப் பார்க்காமல், அறிக்கையை ரத்து செய்வதாகக் குறிக்கச் சொன்னார். ஜலஜா ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள்.

4 மார்ச், திங்கள்

இரண்டு ஸ்கோப்புகளையும் ஒரே நாளில், ஒரே பெருக்கத்தில், டேப் வைத்து அளந்த நூறு மீட்டரில் வைத்துப் பார்த்தார்கள். நம்முடையது 12. மற்றது 11.6. அவர்கள் அச்சிட்டதும் பொய்யில்லை. பொய்யாக இருந்தது என் கையெழுத்து மட்டும்தான். சோதனைக் குழுவில் நான் இல்லை. குழுவில் இருந்த வேணுகோபால் வந்து முடிவைச் சொன்னார்.

19 ஏப்ரல், வெள்ளி

முதல் தவணைக்கு வெளிநாட்டுச் சரக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. அதை மாற்ற முடியாது. அடுத்த தவணைக்கு ஜலஜாவின் ஸ்கோப்பையும் போட்டியில் சேர்க்க ராணுவம் ஒத்துக்கொண்டதாம். நடுவில் போன பதினைந்து மாதம் போனதுதான். வசுமதி கேட்டாள், இப்போது நிம்மதியா என்று. இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

1 ஜூலை, திங்கள்

தங்கை வீட்டு விசேஷத்துக்கு விருதுநகர் போக வேண்டும். அடுத்த வாரம் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் விடுப்புக்கு எழுதினேன். ‘பிரிவுத் தலைவர்’ என்ற இடத்தில் ஜலஜாவின் பெயரை எழுதினேன். போன மாதம் அவளை ஸ்கோப் பிரிவுக்குத் தலைவராக்கி, என்னை அவளுக்குக் கீழே மாற்றினார்கள்; அதன் பிறகு இதுதான் முதல் விடுப்பு. கொண்டுபோய் வைத்தேன். தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒருமுறைக்கு இருமுறை பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

“புதன்கிழமை வந்துடுவீங்கல்ல?” என்று கேட்டாள். “ரேஞ்சுல வேலை இருக்கு.”

வந்துவிடுவேன் மேடம் என்றேன்.