தறிச்சத்தத்தோடு வந்த குரல்கள்

என் செல்விக்கு,

நேற்று ஆட்டையாம்பட்டி வழியாகப் பேருந்தில் வந்தேன். நீ இருந்திருந்தால் ஜன்னலோரத்தை எனக்கு விட்டிருக்க மாட்டாய். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பாமலே போனாய். அதிலிருந்து ஜன்னலோரம் எப்போதும் எனக்குத்தான். பிடிக்கவில்லையடி.

கல்லூரியில் நம்மோடு படித்த மல்லிகாவை நினைவிருக்கிறதா? வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவள் அனுப்பும் குரல் பதிவெல்லாம் ஒரே கத்தல். தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மெதுவாகப் பேச எங்கே வரும்? ஒருவன் அந்தக் குரலை வெட்டி, கழுதைப் படத்தோடு ஒட்டிப் போட்டான். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மல்லிகா வகுப்பிலும் வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

நான் நீளமாகக் கண்டனம் எழுதி உன்னிடம் காட்டினேன். "ஏன்டி, இதென்ன கட்டுரைப் போட்டியா? படிச்சு முடிக்கறதுக்குள்ள பரிச்சையே வந்துரும்" என்றாய். பிறகு உங்கள் வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் போய் நின்று குழுவுக்கே கத்தினாய்: "மல்லிகா! நாளைக்கு ரெக்கார்டு நோட்டு எடுத்துட்டு வா சாமி! எங்கூட்டுத் தறி உங்கூட்டுத் தறியவிட ஜோராக் கத்துது, கேக்குதா?"

அடுத்து ராசிபுரத்துக்காரி ஒருத்தி, குமாரபாளையத்துப் பையன் ஒருவன் என்று அவரவர் தறியருகே நின்று கத்தினார்கள். சாயங்காலம் மல்லிகாவின் குரல் வந்தது. "கேக்குது, கேக்குது! காதே போச்சு சாமிகளா!" கழுதைப் படத்தைப் போட்டவனே அழித்தான்.

இப்போது என் தங்கை நிலா பிளஸ் டூ படிக்கிறாள். அவளோடு படிக்கும் பெண் மேடையில் திக்கிப் பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அந்தப் பெண் பள்ளிக்கே வருவதில்லை. "நான் சிரிக்கலையேக்கா. பார்த்துட்டுச் சும்மாதான் இருந்தேன்" என்றாள் நிலா. சும்மா இருப்பவர்களை அந்தப் பெண் யார் பக்கம் என்று நினைத்துக்கொள்வாள், செல்வி?

உன் கதையைச் சொன்னேன். "உங்களுக்குத் தறி இருந்துச்சு. எங்ககிட்ட என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

இன்று மதியம் அவளாகவே கிளம்பினாள். "சேந்தமங்கலத்துல அவ ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்." திரும்பி வந்ததும் தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "அந்த வீடியோவ அழிங்க. அவ என் ஃப்ரெண்டு. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வாரோம்." எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இதுவரை ஒருத்திதான் பதில் போட்டிருக்கிறாள்: "நானும் கூட வாரேன்."

அன்னியரிடம் பேச எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நாளைக் காலை அவர்களோடு போவேன். தலைமையாசிரியரைப் பார்த்து, அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். உனக்குத் தருகிற வாக்கு இது.

உன் அம்மா இன்றும் 'ரெண்டாவது மவ' என்று கூப்பிடும்,
உன் உடன்பிறவாச் சகோதரி