நகர்ந்தால்தான் வேலை

கூடலூர்
11.07.2025, வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

நடுச்சாமத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் தேவயானி இப்போதுதான் கண் அசந்தாள். இடது கை அவளைத் தட்டிக்கொண்டிருக்கிறது, வலது கை எழுதுகிறது. எழுத்து கோணினால் அது அவள் சிணுங்கிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சளி குறைந்துவிட்டது. ஆனால் பத்து மாதம் முடிந்தும் தவழ மாட்டேன் என்கிறாள். எதிர்வீட்டுப் பிள்ளை எட்டு மாதத்திலேயே வாசல்படி தாண்டியது. எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. உங்கள் தங்கச்சி பாண்டீஸ்வரியிடம் சொன்னால் சிரிக்கிறாள். “மதினி, புள்ளயக் கீழ விட்டாத்தான தவழும்? பொழுதன்னிக்கும் இடுப்புல ஒட்டி வச்சிக்கிட்டு, தவழலன்னா எப்பிடி?” என்கிறாள். விட்டால் விழுந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

பாடத்துக்கு வருகிறேன். டவர் கிடைக்கிற பாறையில் ஏறி நின்று நீங்கள் பேசுகிற ஐந்து நிமிஷம் நலம் விசாரிக்கவே போதவில்லை. அதனால்தான் கடிதம். ஒச்சாண்டி அண்ணன் தினமும் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே வருகிறார், ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். தேவாரம் பக்கத்துக் காற்றாலை வேலை கிடைத்தால் சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடலாம். அதற்கு ஆகஸ்ட் இருபத்து நாலாம் தேதி பரீட்சை. ஐ.டி.ஐ.யில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று நீங்கள் சொன்னதால் முதலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இயற்பியலில் வேலை என்றால் விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்குவது. தள்ளினால் மட்டும் போதாது, தள்ளிய பொருள் தள்ளிய திசையில் நகர வேண்டும். ஜீப் சேற்றில் சிக்கி, ஒச்சாண்டி அண்ணன் முக்கி முக்கித் தள்ளியும் அது அசையவில்லை என்றால் அவர் செய்த வேலை சுழி, அதாவது பூஜ்யம். சட்டை நனைய வியர்த்தாலும் சுழிதான். அதேபோல ஒருவர் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நின்ற இடத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும், எதையும் நகர்த்தவில்லை என்றால் வேலை சுழி. இது கட்டாயம் கேட்பார்கள். அடிக்கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பனியில் ஸ்வெட்டர் போடாமல் வெளியே வராதீர்கள்.

உங்கள்
ஞானசெல்வி


வண்டன்மேடு
16.07.2025

செல்விக்கு,

கடிதம் வந்தது. நான் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன், கை முழுக்கக் கரி. பாடத்தை மட்டும் வாசியுங்கள் என்று கூட வேலை பார்க்கிற பேச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அது என் தப்பு.

சத்தம் போட்டு வாசித்தார். அடிக்கோடு போட்ட இடம் வந்ததும் நிறுத்திவிட்டுச் சிரித்தார். “ஏலே பொன்னுராசு, ஒம் பொஞ்சாதியே எழுதிட்டாளேடா! நீ ராவெல்லாம் கண்ணு முழிச்சு நிக்கிறது வேலையே இல்லையாம்ல, சுழியாம்ல!” மறுநாளிலிருந்து இந்தக் காய் உலர்த்துகிற ஸ்டோரில் என் பேர் சுழி. “ஏ சுழி, வெறகு பத்தல”, “சுழி, கட்டஞ்சாயா குடிக்கிறியா?” காய் எடுக்க வருகிற பெண்கள் வரைக்கும் பரவிவிட்டது.

நான் இங்கே பார்ப்பது அந்த வேலைதானே, செல்வி. ஏலக்காய் காய்கிற அறைக்கு முன்னால் நின்று ராத்திரி முழுக்க வெப்பமானியைப் பார்க்கிறேன். சூடு கூடினால் காயின் பச்சை போய்விடும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒன்றும் நகராது, உண்மைதான். நீ படித்தவள், எழுதியது சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரிக்குத்தானா அடிக்கோடு போட வேண்டும்?

பரீட்சைக்குக் கொண்டுவந்த புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். பரீட்சை வேண்டாம். சுழி வாங்கப் புதிதாக எங்கும் போக வேண்டியதில்லை, இங்கேயே கிடைக்கிறது.

பாப்பாவுக்கு முத்தம்.

பொன்னுராஜ்


கூடலூர்
18.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைப் படித்தேன். ஸ்டோரில் நீங்கள் நிற்பது அந்த வரியை எழுதும்போது என் நினைப்பிலேயே இல்லை. நினைப்பில் இல்லாமல் போனதுதான் தப்பு. அடிக்கோடு பரீட்சைக்குப் போட்டது, மாமா. அது இப்படிக் குத்தும் என்று தெரியவில்லை.

பாண்டீஸ்வரியிடம் சொன்னேன். “நல்லா வாத்தியாரு வேல பாத்தீக மதினி! அண்ணனே ஒரு சொல்லு தாங்க மாட்டாக, நீக கோடு வேற போட்டு அனுப்புனீகளாக்கும்?” என்று அவள் பங்குக்கு ஏசிவிட்டுப் போனாள்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நேற்று ராத்திரி உங்கள் மகளுக்குப் பல் முளைக்கிற நோவு. தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் நின்றேன். அசைந்தால் விழித்துக்கொள்வாள் என்று அடியெடுத்துக்கூட வைக்கவில்லை. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூக்கிக்கொண்டிருப்பது விசை. இடப்பெயர்ச்சி இல்லை. ஆக, நான் பார்த்த வேலையும் சுழி. மலை மேலே நீங்கள் ஒரு சுழி, இங்கே நான் ஒரு சுழி. அவள் உச்சந்தலையில் ரெட்டைச் சுழி இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்பார்களே, விடை கிடைத்துவிட்டது.

புத்தகம் வேலை என்று சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு. பேர்தான் ஒன்று. புத்தகத்தில் சுழி என்றாலும் தோள் வலி சுழி ஆகிவிடாது. நிற்பதற்கும் உடம்புக்குள் ஆற்றல் செலவாகிக்கொண்டேதான் இருக்கும், அதனால்தான் பசிக்கிறது. உங்களுக்கும் விடிகாலையில் பசிக்குமே. அதோடு, விறகுக்குள் இருக்கிற ஆற்றலைக் கூடாமல் குறையாமல் காய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் நீங்கள்தான். பேச்சிமுத்து அண்ணனிடம் இந்தப் பத்தியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. குமுளி ரோட்டில் போகும்போது லோயர் கேம்ப் மலையில் பெரிய பெரிய குழாய்கள் இறங்குமே, பார்த்திருக்கிறீர்கள். மேலே தண்ணீர் சும்மா நிற்பது மாதிரித்தான் தெரியும். ஆனால் உயரத்தில் இருக்கிறதல்லவா, அதற்குள் நிலை ஆற்றல் இருக்கிறது. கீழே இறங்க இறங்க அது இயக்க ஆற்றலாகி, சக்கரத்தைச் சுற்றி, மின்சாரமாகிறது. உயரத்தில் நிற்கிற எதையும் சும்மா நிற்கிறது என்று இயற்பியல் சொல்லவே சொல்லாது. உங்களையும்தான்.

பெட்டிக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுங்கள். அடுத்த பாடம் அலை. படிக்கக்கூட வேண்டாம். தோட்டத்தில் படுதா விரித்துத் தண்ணீர் தேக்கியிருக்கிற குளத்தில் ஒரு சருகு மிதக்கிற நேரமாகப் பார்த்து, கொஞ்சம் தள்ளி ஒரு கல்லைப் போடுங்கள். சருகு என்ன செய்கிறது என்று எனக்கு எழுதுங்கள். அது போதும்.

பரீட்சை எழுத மாட்டேன் என்று இன்னொரு தரம் மட்டும் சொல்லாதீர்கள். கோபம் இருந்தால் என்னை நாலு வார்த்தை திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள்
செல்வி


வண்டன்மேடு
27.07.2025, ஞாயிறு

அன்புள்ள செல்வி,

திட்டுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒரு வாரம் தேடினேன். அதுதான் இவ்வளவு தாமதம்.

உன் பத்தியைப் பேச்சிமுத்து அண்ணன் வாசித்தார். வாசித்து முடித்ததும் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். அப்புறம், “புள்ளயத் தூக்கிக்கிட்டு நிக்கிறதும் சுழின்னா, அந்தப் புத்தகத்த எழுதுன ஆளு புள்ள வளத்திருக்க மாட்டான்” என்றார். இப்போது யாராவது சுழி என்று கூப்பிட்டால், “ரெட்டைச் சுழிக்கு அப்பன்டா” என்கிறேன். அதற்குப் பிறகு கூப்பிடுகிற ருசி அவர்களுக்குப் போய்விட்டது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, குளத்துக்குப் போனேன். கல்லைப் போட்டதும் அலை வட்டம் வட்டமாகக் கிளம்பிக் கரை வரைக்கும் வந்தது. சருகும் கூடவே வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அது அங்கனயே கிடந்து ஏறி ஏறி இறங்கிற்று. காற்றுதான் தடுக்கிறதோ என்று மறுபடியும் போட்டேன். ஏழெட்டுக் கல் போட்டிருப்பேன், “மீன் ஏதும் வளக்கிறாகளா?” என்று காவல்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லா முறையும் அப்படித்தான். வந்தது தண்ணீர் இல்லை, கல் கொடுத்த ஆற்றல் மட்டும்தான். பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் போட்டிருக்கிறது. எனக்கே சிரிப்பு வந்தது.

திரும்பி வரும்போது ஒன்று தோன்றியது. எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதுகிறேன். நீ அங்கன, நான் இங்கன. ரெண்டு பேருமே இடத்தை விட்டு அசையவில்லை. ஆனாலும் உன் கடிதம் வருகிற அன்றைக்கு நான் ஏறி இறங்குகிறேன்.

பரீட்சைக்கு வருகிறேன். முதல் நாளே இறங்கிவிடுவேன். பாப்பாவைக் கொஞ்சம் கீழே விட்டுப் பார். விழுந்தால் பாய்தானே.

உன்
பொன்னுராஜ்


கூடலூர்
12.09.2025, வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

இன்றைக்கும் நேரம் கெட்ட நேரம்தான், ஆனால் விடிகிற வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. சாயங்காலத்திலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே சொல்கிறது. நீங்கள் பரீட்சைக்கு என் நம்பரைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

வேலை கிடைத்துவிட்டது, மாமா.

பாண்டீஸ்வரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, வந்த செய்தியை மூன்று தரம் வாசித்தாள். “எங்கண்ணன் பாஸாயிட்டாக!” என்று தெருவுக்கே சொல்லிவிட்டு வந்தாள். பரீட்சை முடிந்து வந்து நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. “அலை போகுமா, தண்ணி போகுமான்னு கேட்டிருந்தாக செல்வி, கண்ண மூடிச் சருக நெனச்சேன்” என்றீர்கள்.

எனக்கு இருப்பது ஒரே பயம். காற்றாலைக் கோபுரம் எண்பது மீட்டராம். அவ்வளவு உயரத்தில் உங்களுடைய நிலை ஆற்றல் எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தேன். விடையைப் பார்த்ததும் அழித்துவிட்டேன். இடுப்பில் கயிறு கட்டாமல் ஒரு படிகூட ஏற மாட்டேன் என்று உங்கள் மகள் தலையில் கை வைத்துச் சொல்ல வேண்டும்.

அவளைப் பற்றிச் சொல்லவில்லையே! கீழே விட்டேன். நேற்று தவழ்ந்துவிட்டாள். ஆனால் பின்பக்கமாக. முன்னால் பொம்மையை வைத்துக் கூப்பிட்டால், அதைப் பார்த்துக்கொண்டே கைகளை ஊன்றித் தள்ளுகிறாள், உடம்பு பின்னால் போகிறது. போய்ப் போய்க் கட்டிலுக்கு அடியில் சிக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள். எதிர்த்திசை என்றாலும் இடப்பெயர்ச்சி இடப்பெயர்ச்சிதான். எதிர்வீட்டுப் பிள்ளையின் பேச்சை இனி எடுக்க மாட்டேன்.

ஒன்றாம் தேதி சேரச் சொல்கிறார்கள். சம்மதம் என்று திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். உங்களைக் கேட்காமல் அனுப்ப எனக்கு மனசில்லை. அந்த ஸ்டோரையும் பேச்சிமுத்து அண்ணனையும் விட்டுவர உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருக்கிறது. இத்தனை நாளும் விசை நான் போட்டேன். இடப்பெயர்ச்சி நீங்கள் காட்டினால்தான் அது வேலை ஆகும். சருகு மாதிரி அங்கனயே ஏறி இறங்கியது போதும், மாமா. மலையிலிருந்து இறங்குவது ஒன்றும் கடினமில்லை, பாதி வேலையைப் பூமியே பார்த்துக்கொள்ளும். மீதிக்கு ஒச்சாண்டி அண்ணனின் ஜீப் இருக்கிறது.

என்றைக்கு வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். நாளைக்கு அதே ஜீப்பில் கொடுத்துவிடுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள்
செல்வி