கண்டது, கேட்டது, நினைச்சது

இன்று காலை போனைத் திறந்தால் அக்காவின் செய்தி. நாளைக்குக் கடல் ஊருக்குள் வரப்போகிறதாம், எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமாம். உடனே அழைத்து, "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டேன். "எல்லாரும் சொல்லினம்" என்றார். "எல்லாரும் எண்டா ஆர்?" என்றேன். அக்கா கோபத்தில் போனை வைத்துவிட்டார். எல்லாம் உம்மால் வந்த வினை. கூட இருந்து படிப்பித்த பாவத்துக்கு எனக்கும் தொற்றிவிட்டது.

புங்குடுதீவுப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு, நீர் சமூகக்கல்வி. பக்கத்து வகுப்பிலிருந்து உம்முடைய கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஊரில் உலாவும் கதை ஒன்றைப் பிள்ளைகள் கொண்டுவர வேண்டும். கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, கண்டது, கேட்டது, நினைச்சது என்று அந்தக் கதையைப் பகுத்து எழுதுவீர். பிறகு கதை சொன்னவரிடம் போய், அவருக்குச் சொன்னவர் யார் என்று விசாரித்து, வாய் வாயாகப் பின்னுக்குப் போக வேண்டும். "என்னப்பா, பிள்ளையளைப் பொலிசிலை சேர்க்கப் போறீரோ?" என்று பகிடி பண்ணினேன். "சிரியும், சிரியும்" என்றீர்.

எண்பத்து மூன்றில் தெற்கில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தபோது, உம்முடைய வகுப்பு வசந்தியின் தகப்பனும் அங்கேதான் கடை வைத்திருந்தார். கடையோடு அவரும் எரிந்துபோனார் என்று எங்கள் ஊர் மடத்துவெளியில் கதை வந்தது. நாங்கள் போனபோது முற்றம் முழுக்கச் சனம். செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று பக்கத்து வீட்டார் சோறு கொண்டுவந்துவிட்டார்கள். தாய் சுவரோடு சாய்ந்து கிடந்தார். தாலியை எப்போது கழற்றுவது என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். அப்போதுதான் வசந்தி எழும்பினாள்.

"மாமி, உங்களுக்கு ஆர் சொன்னது?"

"அப்பனைப் பறிகுடுத்த பிள்ளை கேக்கிற கேள்வியே இது?" என்று மாமி சீறினார்.

நீர் விடவில்லை. "பிள்ளை கேக்குதெல்லே, சொல்லுங்கோ" என்றீர். மாமிக்குச் சொன்னவர் சந்திக் கடைக்காரர். கடைக்காரருக்குச் சொன்னவர், தெற்கிலிருந்து தப்பி வந்து காய்ச்சலில் கிடந்த ஒருவர். நாங்கள் மூவரும் வெயிலில் நடந்து அவருடைய கட்டிலடியில் போய் நின்றோம்.

"கடை எரிஞ்சதைக் கண்டனான் பிள்ளை. உன்ரை அப்பரைக் காணேல்லை. அப்பிடித்தான் கடைக்காரரிட்டையும் சொன்னனான்" என்றார் அவர். காணவில்லை என்றது இரண்டு வாய் தாண்டுவதற்குள் செத்துப்போனார் என்று ஆகிவிட்டது.

வசந்தி வீட்டுக்கு வந்து தாயிடம் அதைச் சொன்னாள். தாய் உம்முடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அவர் இருக்கிறார்தானே, ரீச்சர்?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். நீரோ, "அதையும் ஒருத்தரும் காணேல்லை, அக்கா" என்றீர். எனக்கு வந்த கோபம்! கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

அந்த மனிசி குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் அடுப்பு மூட்டட்டே?" என்றார்.

"மூட்டுங்கோ" என்றீர். சொல்லிக்கொண்டே விறகை எடுத்துக் கொடுத்தீர். குசினியில் புகை எழுந்ததும் சனம் ஒவ்வொருவராக எழும்பிப் போனது.

பிறகு, அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் வசந்தியின் தகப்பன் வந்து சேர்ந்தார், தாடியும் வெந்துபோன ஒரு கையுமாக. "பாத்தீரே, நான் ஓம் எண்டிருந்தாலும் சரியாத்தான் வந்திருக்கும்" என்றேன். "வராட்டி?" என்றீர்.

போன மாசியில், உம்முடைய படத்தைச் சுற்றிப் பூ வைத்து ஓர் அஞ்சலி போனில் வந்தது. நீர் கனடாவில், நான் இங்கே. அனுப்பியவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, "நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டேன். ஒருவரும் காணவில்லை, எல்லாரும் கேட்டதுதான். நீர் இருக்கிறீர் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. இதுவும் வாய் தாண்டி வந்த கதைதான் என்று அக்காவிடம் அடித்துச் சொன்னேன். பின்னேரம் வசந்தி அழைத்தாள். அவளும் நீர் இருந்த ஊரில்தான் இருக்கிறாள்.

"நான் கண்டனான், ரீச்சர். கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலைதான் இருந்தனான்."

உம்மிடம் படித்த பிள்ளை சொன்னால் மறுபேச்சு ஏது? அன்று நான் அடுப்பு மூட்டவில்லை.