கட்டுரையின் கடைசி வரி

அன்புள்ள அப்பாவுக்கு ஆதிலட்சுமி வணங்கி எழுதுவது. நான் நலம். அம்மாவின் கால் வீக்கம் குறைந்ததா?

ஆங்கிலத்தில் ரயில் பயணக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நீங்கள் என்னைப் பெண்ணாடத்திலிருந்து இந்த விருத்தாசலம் விடுதிக்குக் கூட்டிவந்ததை எழுதினேன். நோட்டெல்லாம் சிவப்பு மை. பிழைகளைத் திருத்திய டீச்சர், கடைசி வரியை மட்டும் முழுதாக அடித்துவிட்டார்கள்.

“பயணக் கட்டுரைன்னா, சந்தோஷமா வூடு திரும்பினோம்னுதான் முடிக்கணும். நீ என்னடி, அப்பா போயிட்டாரு, நான் அழுதேன்னு முடிச்சிருக்க?” என்றார்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

திருத்தியதை இருபது முறை எழுதிக் காட்ட வேண்டும். பீங்கான் ஆலையில் ராத்திரிச் சங்கு ஊதிவிட்டது. எல்லோரும் தூங்குகிறார்கள். எழுதும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், அப்பா. பேனாவை வைத்ததும் இங்கேதான் இருக்கிறேன்.

ஆங்கிலத்தில் தேறினால்தான் பொங்கலுக்குக் கூட்டிப்போவேன் என்றீர்கள். இந்த முறையும் தேற மாட்டேன் என்று தெரிந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

வார்டன் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதால், பால் ஊற்ற வரும் பாஞ்சாலை அக்காவிடம் இதைத் தபாலில் போடக் கொடுக்கிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்புங்கள். போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய புடவை ஒன்றும் வேண்டும். அதைத் துவைக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.

வார்டனின் செருப்புச் சத்தம் கேட்கிறது. விளக்கை அணைக்கிறேன்.

ஆதிலட்சுமி