பஸ்ஸா ரயிலா என்று பாட்லக்கில் கேட்டது

மே 11, ஞாயிறு

மழை. துணி மடிக்கவில்லை. நானும் காவ்யாவும் வாஷிங்டன் வரை பஸ்ஸில் போய்த் திரும்பினோம். ஒத்திகையாம். காலேஜ் முடித்துவிட்டாள், ஜூலையில் முதுகில் மூட்டையோடு ஐரோப்பா சுற்றப் போகிறாள். என்னையும் கூப்பிட்டிருக்கிறாள். "ஜஸ்ட் யூ அண்ட் மீ, அம்மா." ஆகஸ்டில் வேலைக்குக் கலிஃபோர்னியா. அப்புறம் இந்த வீட்டுக்கு அவள் விருந்தாளிதான்.

பஸ், சகிக்கவில்லை. பின்னால் கக்கூஸ், கதவு சரியாகச் சாத்தாது. ஒவ்வொரு வளைவிலும் நாற்றம் முன்னால் வந்து எங்களை விசாரித்துவிட்டுப் போனது. பக்கத்து வரிசை ஆள் ஷூவைக் கழற்றிக் காலை என் கைப்பிடியில் வைத்தான். சிப்ஸ் தின்ற விரலை ஒவ்வொன்றாக நக்கினான். டெலவேர் தாண்டியதும் எனக்கு வாந்தி. இட்லி கொண்டுபோன கவரிலேயே.

காவ்யா: "யூரோப்ல பஸ் வில் பி க்ளீனர், அம்மா. ட்ரெய்ன்ஸ் ஆர் சோ எக்ஸ்பென்சிவ்."

எனக்கு ரயில்தான். எழுந்து நடக்கலாம், மலை பார்க்கலாம், மூச்சாவது விடலாம்.

மே 14, புதன்

நாள் முழுக்க மீட்டிங். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் மறந்தேன். ராத்திரிச் சாப்பாடு: நேற்றைய சாம்பார், அதே பஸ்-ரயில் சண்டை.

"ரயிலுக்கு நான் குடுக்கறேன்டி."

முகம் சுருங்கிவிட்டது. பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறாள். "தென் இட்ஸ் யுவர் ட்ரிப், நாட் மைன்."

மே 17, சனி

ஐசலினில் நண்பர் ரமேஷ் வீட்டுப் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற விருந்து. அலுமினியத் தட்டில் ஆறிப்போன பனீர், மேலே உறைந்த எண்ணெய். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கார் வாங்கினாலும் கரப்பான் மருந்து வாங்கினாலும் நாலு வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வாங்குவது எங்கள் வழக்கம். கேட்டுத் தொலைத்தேன்.

"பஸ்லயா? நாம என்ன ஸ்டூடன்ட்ஸா?" ரமேஷ், வாய் நிறையச் சோறோடு. ஒரு பருக்கை என் குர்தாவில்.

அவர் மனைவி சுதா: "ட்ரெய்ன் பாஸ் எடுத்துடலாம்ப்பா. நாங்களும் ஜூலைல ஃப்ரீதான். ரைஸ் குக்கர் நான் கொண்டு வரேன்."

ஜூலையில் லீவே கிடைக்காது என்று சத்தியம் செய்த என் வீட்டுக்காரர் முரளி: "அப்ப நானும் லீவு அப்ளை பண்றேன்."

குலாப் ஜாமூன் வருவதற்குள் இன்னொரு வீடும் ஒட்டிக்கொண்டு மூன்று குடும்பம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப் குரூப் வேறு, பெயர் யூரோப் கேங். உவ்வே.

எல்லாரும் ரயில் கட்சி. நான் ஜெயித்துவிட்டேனாம்.

மே 18, ஞாயிறு

நல்ல வெயில். காவ்யாவிடம் முரளியே சொன்னார், பிறந்தநாள் பரிசு கொடுக்கிற முகத்தோடு. கிண்ணத்தில் பால் விட்டுச் சீரியல் தின்றுகொண்டிருந்தாள்.

"கூல். யூ கைஸ் ஹேவ் ஃபன்."

கோபமே இல்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். சாதாரணமாக அதை சிங்க்கில் போட்டுவிட்டுப் போகிறவள். முரளிக்கு ஒன்றும் புரியவில்லை. "பாத்தியா, ஓகேன்னுட்டா!"

மே 20, செவ்வாய்

குரூப்பில் ஓயாத டிங் டிங். தக்காளித் தொக்கு யார், பருப்புப் பொடி யார். ரயிலில் பாட்டுக்குப் பாட்டு வைக்கலாமாம். ரமேஷின் காலை வணக்கம், ரோஜாப்பூவோடு. ஆல்ப்ஸ் மலையை நினைத்தாலே புளியோதரை வாசனை அடிக்கிறது.

காவ்யா தனக்கு மட்டும் பஸ் பார்க்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது.

ரமேஷை என்ன சொல்ல, என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அவள் என்னைக் கேட்டாள். நான் ஊரைக் கேட்டேன்.

மே 23, வெள்ளி

ஆபீஸிலிருந்து வந்ததும், பையைக்கூட வைக்காமல் மாடிக்கு.

"உன் பஸ்ல இன்னொரு சீட் இருக்கா?"

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வாட் அபௌட் யுவர் கேங்?"

"அவங்க ரயில்ல போகட்டும்."

"இட்ஸ் ஆல் டே, அம்மா. யூ வில் த்ரோ அப்."

"வாந்தி எடுப்பேன். நீதான் தலையைப் பிடிச்சுக்கணும்."

இப்போது தலையைத் தூக்கினாள். அப்புறம் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

"பாஸ்போர்ட் எடுத்துட்டு வா." தமிழில் சொன்னாள்.

கீழே வரும்போதே படியில் நின்று குரூப்பிலிருந்து வெளியேறினேன். அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறேன், ஹாலிலிருந்து முரளி:

"ஏய், கை பட்டு குரூப்ல இருந்து வெளிய போயிட்ட போலருக்கு. இரு, திரும்ப ஆட் பண்றேன்."