அவள் திரும்பி வரும் காட்சி

ஜூன் 6, வெள்ளி

மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு மழை. மேக்கப் ட்ரையலுக்கு வரவேண்டிய மணப்பெண் கிள்ளானிலிருந்து கிளம்பவே இல்லை. ரோடு ஜாமாம். கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது நாடகக் குழு நடத்தும் பாஸ்கர் அண்ணன் குடையை உதறிக்கொண்டே மாடியேறி வந்தார். புது நாடகத்துக்கு மேக்கப் நான்தான் செய்யவேண்டுமாம்.

கதை ஒரு பழைய வெளிநாட்டு நாவல். தமிழில் கேமரன் மலைக்கு மாற்றியிருக்கிறார்கள். பனி, பாழடைந்த பங்களா. அதில் ஒளிந்து வாழும் ஒரு மேதை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து, யாரும் பார்க்காத நட்சத்திரங்களைக் கண்டுபிடிப்பவன். உலையில் வெந்த முகம். அவன் திரைக்குப் பின்னாலிருந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு பெண் வருகிறாள். குரலிலேயே மனதைக் கொடுத்துவிடுகிறாள். ஒருநாள் திரை விலகுகிறது. ஓடிவிடுகிறாள்.

எழுத்து, இசை இரண்டும் அந்தோணி மாஸ்டர். கிள்ளான்காரர், நாற்பத்துநான்கு வயது. பத்தொன்பது வயதில் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்து இடது பக்க முகம் வெந்துபோனது. மேதையாக நடிப்பது ரிஷி. நல்ல உயரம், நல்ல குரல், நல்ல பல்.

"அந்த முகம் எப்படி வேணும்ணே?"

"ஏன் தேடற? மாஸ்டரப் பார்த்து அப்படியே செஞ்சிடு. அவரே ஓகே சொல்லிட்டாரு லா."

எனக்கு ஓகே இல்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

வெயில். காலை பத்துக்கு மாஸ்டர் வந்தார். கொம்யூட்டர் ரயில் தாமதம் என்று மன்னிப்பு. நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரம் உட்காரவைத்தேன். போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம்.

"போட்டோல மேடு பள்ளம் தெரியாது. தொட்டுப் பாருங்க. வலிக்காது."

தொட்டேன். காதுக்குக் கீழே தோல் வழவழப்பு, கன்னத்தில் கயிறு முறுக்கியதுபோல். கண் ஓரம் கொஞ்சம் இழுத்திருக்கிறது. என் விரல் நடுங்கியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார், எனக்காகத்தான். நாடகம் போடும் மண்டபத்து ஏர்-கான் ஒரே சுருதியில் முனகுகிறதாம், நிறுத்தவும் முடியாதாம், அதனால் இரண்டாம் பாட்டையே அரைக்கட்டை இறக்கி அந்த முனகலோடு சேர்த்துவிட்டாராம். "இப்ப ஏர்-கான்தான் நம்ம தம்புரா."

சிரித்துவிட்டேன். விரல் நடுக்கம் நின்றுவிட்டது.

வாங்கவேண்டியவை: லேட்டக்ஸ், பஞ்சு, டிஷ்யூ, ஒட்டுப் பசை, சோப்பு (இது வீட்டுக்கு).

ஜூன் 11, புதன்

மாஸ்டர் மீண்டும் வந்தார். உண்மையில் வேலை ஞாயிறே முடிந்துவிட்டது. நிறம் சரியில்லை என்று பொய் சொல்லிக் கூப்பிட்டேன். அவரும் நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

கீழே அங்கிள் டீக்கடையில் பால் இல்லாமல் இரண்டு தே ஓ. என்னைப் பற்றிக் கேட்டார். விவாகரத்தாகி ஆறு வருஷம் ஆயிற்று, சாலாக் செலாத்தானில் தனியாக இருக்கிறேன், சமைக்கப் பிடிக்கவில்லை என்றெல்லாம் சொன்னேன். யாரிடமும் இவ்வளவு சொன்னதில்லை.

நாடகத்தின் முடிவை வாசித்துக் காட்டினார். நாவலில் அவள் ஓர் இளம் அதிகாரியோடு போய்விடுவாள், இவன் பங்களாவுக்குத் தீ வைத்துக்கொண்டு சாவான். மாஸ்டர் மாற்றியிருக்கிறார். அவள் திரும்பி வருகிறாள். பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நேற்று எங்கே நிறுத்தினோம்?" என்று நோட்டை விரிக்கிறாள். அவ்வளவுதான். விளக்கு அணைகிறது.

அழுதுவிட்டேன். டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்.

"இனிமே மாஸ்டர்னு கூப்பிடாதீங்க கஸ்தூரி. அந்தோணி போதும்."

அந்தோணி. வீட்டில் இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பைத்தியம்.

ஜூன் 13, வெள்ளி

தலைவலி. உடை தைக்கும் ஷாலினி இன்று எல்லோர் முன்னாலும்: "அக்கா, மாஸ்டருக்கு டெய்லி ஃபேஷியலா?" ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். "ஐயோ, போடி" என்று சொன்னேன். எதற்கு ஐயோ?

ஜூன் 14, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தில் ஒத்திகை, மாலை நான்கு மணி. ரிஷிக்கு முதல் தடவையாக முழு மேக்கப். அச்சு அசலாக அந்தோணி. எல்லோரும் கைதட்டினார்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் பாஸ்கர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அவ திரும்பி வர்றத யாரு நம்புவா? ஆடியன்ஸ் சிரிப்பாங்க லா. நாவல்ல உள்ளபடியே விட்டுடுவோம்."

"நம்புவாங்கண்ணே," என்றார் அந்தோணி.

அண்ணன் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "கஸ்தூரி, நீ சொல்லு. நீ ஒரு பொம்பள. அந்த முகத்தப் பார்த்துட்டு ஓடினவ, திரும்பி வருவாளா?"

ஷாலினி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. மேடையில் ரிஷி. கீபோர்டு பக்கத்தில் அந்தோணி. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"கஷ்டம்தாண்ணே," என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிக்கவும் சிரித்தேன்.

அந்தோணி ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. "சரிண்ணே, மாத்திடறேன்." மூலையில் உட்கார்ந்து எழுதினார், அரை மணி நேரம். தீ வைக்கும் காட்சி. அவள் போகும் வண்டிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவன் அன்று கண்ட நட்சத்திரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கதாநாயகி படித்துவிட்டு விம்மினாள். பாஸ்கர் அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்தார்.

போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடமும். "வரேன் கஸ்தூரி." குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அந்தோணிக்கு மூன்று செய்தி அனுப்பினேன். மூன்றும் நீல டிக். பதில் இல்லை. போன் எடுக்கவில்லை. பொழுதன்றைக்கும் மழை.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு அப்பாயிண்ட்மெண்டை ரத்து செய்துவிட்டுக் கிள்ளானுக்குப் போனேன். அவர் வீட்டில் அவரும் அக்கா மேரியும்தான். மேரி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் அந்த மேக்கப் பொண்ணா?" பிறகு உள்ளே போய்விட்டார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. அந்தோணி மடியில் பழைய ஹார்மோனியத்தின் உள்பாகம். தூசி தட்டிக்கொண்டிருந்தார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"நான் அப்படி நெனைக்கல அந்தோணி. பயந்துட்டேன்."

"தெரியும்."

"சத்தியமா சொல்றேன். நான்..."

"எனக்குப் பயந்தீங்களா, அவங்களுக்கா?"

"அவங்களுக்கு."

தூசி தட்டுவதை நிறுத்தினார். "அதான் கஸ்தூரி. எனக்குப் பயந்திருந்தா நாலு நாள்ல பழகிடும். எங்கக்காவே ஒரு மாசம் பயந்துச்சு. அவங்க எப்பவும் இருப்பாங்களே. கோயில்ல, கல்யாணத்துல, பாசார்ல. ஒவ்வொரு தடவையும் உங்க முகத்தத்தான் நான் பார்த்துக்கிட்டு இருப்பேன்."

அந்த ஒரு தடவைக்காகவா என்று கேட்டேன். மறுபடி தூசி தட்ட ஆரம்பித்தார். மேரி அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் குடித்தோம். சீனி அதிகம்.

பினாங்கில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஒரு மாதமாகவே போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். சனிக்கிழமை அவர்களிடம் சொல்லிவிட்டாராம், வருகிறேன் என்று.

அந்தச் சனிக்கிழமை.

ஜூன் 21, சனி

முதல் காட்சி. மண்டபம் நிறைந்துவிட்டது. லேட்டக்ஸ் தழும்பை ஒட்டும்போது ரிஷி முனகிக்கொண்டே இருந்தான். "அரிக்குதுக்கா, எப்ப எடுக்கலாம்?" அறையவேண்டும் போலிருந்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

நன்றாக நடித்தான். கடைசிக் காட்சியில் மூக்குறிஞ்சும் சத்தம் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்டது. அந்தோணி வரவில்லை. இசையைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார்.

ஜூன் 22, ஞாயிறு

பகல் காட்சி. இதுதான் கடைசி. அந்தோணி வந்தார்! கடைசி வரிசையில் தூண் பக்கத்தில் உட்கார்ந்தார். திரைச்சீலை இடுக்கு வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகத்தைப் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் வெளிக்கூடத்தில் ஒரே கூட்டம். பட்டுச்சேலை ஆன்டி ஒருவர் அழுது மை கரைந்து, "ஐயோ, அந்த முகத்துக்குள்ள எவ்ளோ நல்ல மனசு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தார். கதவருகே அந்தோணி. அவரைப் பார்த்ததும் ஆன்டி பேச்சை நிறுத்தாமலே பேத்தியைக் கையைப் பிடித்து மறுபக்கம் மாற்றிக்கொண்டார். அந்தோணி பழகியவர்போல் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

நேராகப் போனேன். அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்தேன். ஷாலினி பார்த்தாள். பாஸ்கர் அண்ணன் பார்த்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 

அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார், மெதுவாக.

"வேணாம் கஸ்தூரி. இன்னிக்கு எல்லாரும் அழுதிருக்காங்க. இன்னிக்கு ஈஸி."

வெளியே கொளுத்தும் வெயில். ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார். சிக்னல்வரை தெரிந்தது. அப்புறம் பஸ் ஒன்று மறைத்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

காலை ஒரு மணப்பெண். மதியம் ஒரு மணப்பெண். "நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்றீங்க?" என்று மணப்பெண்ணின் அம்மா. சாப்பிடவில்லை. கரண்ட் பில். துணி ஊறவைத்தது அப்படியே கிடக்கிறது.

ஜூன் 26, வியாழன்

மூட்டமாக இருக்கிறது, மழை இல்லை. காலை நாடகக் குழு வாட்ஸப்பில் பாஸ்கர் அண்ணன்: "மாஸ்டர் பினாங்கு கிளம்பிட்டாராம். நாடகம் முடிஞ்ச பார்ட்டிக்கும் வரல. நம்ம மேல என்ன கோபமோ?" கீழே ஆளாளுக்கு அழும் பொம்மை.

கடையைத் திறக்காமல் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினேன், அழித்தேன், எழுதினேன். முப்பத்துநான்கு பேர் இருக்கிற குழு.

"உங்க மேல இல்லண்ணே. என்னாலதான். எனக்கு அவர ரொம்பப் பிடிக்கும். அன்னிக்கு நீங்க கேட்டப்போ, அவ வருவாள்னுதான் சொல்லியிருக்கணும். நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு பயந்து மாத்திச் சொல்லிட்டேன்."

அனுப்பிவிட்டேன். 

யாரும் ஒன்றும் எழுதவில்லை. யார் யார் படித்தார்கள் என்று பார்த்தேன். ஷாலினி. ரிஷி. பாஸ்கர் அண்ணன். இன்னும் பலர். அவர் பெயரைத் தேடினேன். இல்லை. மேலே தள்ளிப் பார்த்தேன். நான் எழுதியதற்கு நேர் மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு வரி. அந்தோணி குழுவிலிருந்து வெளியேறினார். 9:12.

நான் அனுப்பியது 9:40.