தேதி மாறாத மண்டபம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரி வரைக்கும் அதையே தேடிக்கொண்டிருப்பாய். துறைமுகத்துத் தண்ணீர்ப் படகுக்காரர் மூலமாக இது உன் கைக்கு வந்துவிடும் என்று கப்பல் ஆபீஸ் கிளார்க் சொன்னார். போன தடவை நாற்காலி போட்டுப் பேசிய மனுஷன் இந்தத் தடவை நிற்கவைத்தே அனுப்பிவிட்டார். முதலாளியே ஓடிப்போன கப்பலுக்கு நாங்க என்னம்மா பதில் சொல்றது, கேஸ் முடியற வரைக்கும் இன்ஜினைப் பார்த்துக்க உங்க பையன் இருந்தே ஆகணும்னு துறைமுகத்துல பிடிவாதமா நிக்கறாங்க என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். அதை மட்டும் கேக்காதீங்கம்மா என்றார். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

உன் தங்கை கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். மருந்துக்கடை மாப்பிள்ளை வீட்டில் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, மண்டபம்தான் அமையவில்லை என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தேன். ஊரில் உள்ள மண்டபத்துக்கெல்லாம் மைக் செட் போட்ட மனுஷன் வீட்டில் இப்படி ஒரு கூத்து. உன் அப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியுமே. உள்ளே போனதும் நட்ட நடுவில் நின்று ஒரே ஒரு கைதட்டு, பிறகு தலையைச் சாய்த்துக் கேட்பது. முதல் மண்டபத்தில் சுற்றிலும் கண்ணாடி, சத்தம் சிதறுமாம். அடுத்ததில் ஜெனரேட்டர் இரைச்சல். இன்னொன்றில் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவனுக்கு ஒரு வார்த்தையும் புரியாதாம். மண்டபத்துக்கு இவ்ளோ குறை சொல்றவர் மாப்பிள்ளைக்கு ஒண்ணுகூடச் சொல்லலியேம்மா என்று உன் தங்கை கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

போன வாரம் மரச்சாமான் கடை மாடியில் ஒரு மண்டபம் பார்த்தோம். காலையில் கல்யாணம், சாயங்காலம் அதே மேடையில் வரவேற்பு, பக்கத்திலேயே சாப்பாட்டுக் கூடம். அப்பா கைதட்டினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்பாடா என்று நானும் மூச்சுவிட்டேன். மேனேஜர் அறைக்குள் போனவர் திரும்பி வரும்போது முகம் செத்திருந்தது. படிக்கட்டு குறுகல், ஸ்பீக்கர் ஏறாது, வேற இடம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். இதைவிடக் குறுகலான படியில் நீயும் அவரும் தலைச்சுமையாக ஏற்றியதை நான் பார்த்ததில்லையா?

மறந்துபோன குடையை எடுக்க மறுபடி ஏறினேன். அந்த மேனேஜர்தான் சொன்னார். அண்ணன் கேக்கறது எங்கேயுமே நடக்காதுக்கா, புக் பண்ணிட்டு எப்ப வேணும்னாலும் தேதியைத் தள்ளிப் போட்டுக்கலாம்னு யாருக்கா ஒத்துக்குவாங்க என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடி, ஜெனரேட்டர், தூண் எல்லாம் வெறும் சாக்கு. ஒவ்வொரு மண்டபத்திலும் உனக்காகத்தான் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வரும்போது கோபம் கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அழுகை வந்தது.

சம்பந்தி அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு நாள் பொறுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள்ள மண்டபம் சொல்லுங்க, இல்லன்னா மனசுல வெச்சுக்காதீங்க, நாங்க பையனுக்கு வேற இடம் பாக்கறோம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் இல்லாம எனக்கும் வேண்டாம்னு சொல்லத்தான்மா நினைக்கறேன், ஆனா வாய் வரமாட்டேங்குது, நான் கெட்டவளாம்மா என்று உன் தங்கை பிறகு கேட்டாள். அவளை நீ தப்பாக நினைக்காதே. அந்தப் பையனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

அதனால் உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய் நானே அந்த மாடி மண்டபத்தை புக் செய்துவிட்டேன். அடுத்த மாதம், தேதி மாறாது. அப்பாவிடம் சொன்னபோது ஆம்பிளிஃபயரைப் பிரித்துவைத்து ஒயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அங்க ஏணியில ஏறி ஸ்பீக்கர் கட்ட ஆள் வேணுமே என்றார். ஏணி ஏற ஆளா இல்லை? அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாள் அடித்து வந்து அவர் மேஜையில் கிடக்கிறது. அச்சகத்திலிருந்து தினமும் ஆள் விடுகிறார்கள். அடுத்த படகுல என்ன சேதி வருதுன்னு பாத்துட்டு அடிக்கலாம் என்கிறார் அப்பா. தேதியை அச்சில் பார்க்க மனுஷனுக்குத் தெம்பில்லை. இப்படியே போனால் மண்டபம் இருந்தும் கல்யாணம் நிற்கும்.

நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கப்பலில் அரிசி தீர்ந்தால் படகுக்காரரிடம் வெட்கப்படாமல் கேள். இருமல் விட்டதா? இன்ஜின் அறையில் தனியாகத் தூங்காதே.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அப்பா பெயருக்குத் தனித் தாளில் ஒரு வரி எழுது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம், தங்கச்சி கல்யாணத்தை நடத்துங்க என்று எழுது. நான் சொன்னால் கேட்கமாட்டார், உன் கையெழுத்தைப் பார்த்தால் அடங்குவார். எழுதுவது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எனக்கு எழுதுகிற தாளில் மட்டும் அந்த வரி வேண்டாம் கண்ணு. எனக்கு எப்போதும் போல, சீக்கிரம் வந்துவிடுவேன் அம்மா என்றே எழுது.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா